செல்லாத ஏழு படங்கள்

விசாவுக்குப் படம் எடுக்கப் போன அன்று பவானியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எந்த நாட்டுக்கு எந்த அளவில் படம் வேண்டும் என்ற பட்டியலை ஸ்டூடியோக்காரர் தாவூது சுவரில் ஒட்டி வைத்திருந்தார்.

"பல்லு தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்கம்மா."

"ஏண்ணே, அந்த ஊர்ல யாருக்கும் பல்லே கிடையாதா?" என்றாள். அதற்கும் அவளே சிரித்தாள். பக்கத்தில் நின்ற சேந்தனுக்குக் கோபம் வந்தது. அவனுக்கு வேலை அனுமதி வந்துவிட்டது; மனைவியின் விசா மட்டும்தான் பாக்கி. "கொஞ்ச நேரம் மூஞ்சிய உம்முன்னு வையேன்" என்று அதட்டினான். எட்டாவது படத்தில் அவள் யாரோ ஒருத்தி போல இருந்தாள். அதுதான் செல்லும் என்றார் தாவூது.

விசா வந்தபோது பவானி இறந்து பதினொரு நாளாகியிருந்தது. விசாத்தாளிலிருந்து அந்த யாரோ ஒருத்தி அவனைப் பார்த்தாள். மாலை போடுவதற்கு அதையே பெரிதாக்கிக்கொண்டு வரச் சொன்னார்கள் வீட்டில். சேந்தன் ஸ்டூடியோவுக்குப் போனான்.

"அன்னைக்கு வேண்டாம்னு ஒதுக்குனீங்களே பாய், அந்தப் படமெல்லாம் இருக்கா?"

தாவூது கணினியில் தேடி எடுத்தார். ஏழிலும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சேந்தன் மூன்றாவதைத் தொட்டுக் காட்டினான்.

"இதான். நல்லா பெருசா வேணும்."

தாவூது மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வியப்போடு திரும்பினார்.

"பல்லு தெரியலாமா? அப்படி எந்த நாடு சார்?"

சேந்தன் சுவரில் இருந்த பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தான்.