மறுபடியும் முகாம் மாறியவள்

சீதேவிப்பிள்ளையின் குடும்பம் மறுபடியும் முகாம் மாறிவிட்டது என்று கேட்டதும் வயலட்டுக்கு அழுகையே வந்தது.

புளியந்தீவுத் தொண்டு நிறுவனத்தில் அவளுடைய பொறுப்பிலிருந்த அகதிக் குடும்பங்களில் இதுதான் பெரிய தலையிடி. ஒவ்வொரு முகாமிலும் அவர்களுக்குக் கூரை போடத் தறப்பாள் தேடி வயலட் அலைவாள்; சீதேவிப்பிள்ளையின் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அதிபரிடம் கெஞ்சுவாள். மறுமுறை ஜீப்பில் போனால் ஆளிருக்காது.

"நன்றியில்லாத சனம். விட்டுத் தள்ளுங்க மிஸ்," என்றார் ஜீப் ஓட்டும் இராசதுரை.

வயலட் விடவில்லை. முகாம் முகாமாக விசாரித்து, கடைசியில் வாவிக்கரைக் கோயில் மண்டபமொன்றில் அவளைக் கண்டுபிடித்தாள். ஜீப்பைக் கண்டதுமே சீதேவிப்பிள்ளை மூட்டை கட்டத் தொடங்கினாள்.

"உங்களுக்காக எத்தனை பேரோட சண்டை பிடிக்கிறன். ஒரு இடத்துல இருந்தா என்ன?" வயலட் கத்தியே விட்டாள்.

"கோவிக்காதீங்க மிஸ். நீங்க நல்லதுக்குத்தான் வாறீங்க." சீதேவிப்பிள்ளை குரலைத் தாழ்த்தினாள். "ஆனா நீங்க வந்துபோன அடுத்த நாள் ஆமிக்காரன் வாறான். ஜீப்புல வந்தவங்களிட்ட என்ன சொன்னாய் எண்டு கேக்கிறான். மறுகா இயக்கப் பொடியன்மார் வந்து அதையே கேக்கிறாங்க. போகக்குள்ள மகளுக்கு எத்தனை வயசு எண்டும் கேட்டுட்டுப் போறாங்க. அவளையும் இயக்கத்துக்குப் பிடிச்சிட்டுப் போயிருவாங்க மிஸ்."

வயலட் திரும்பி, வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்தாள்.

"இனி இஞ்சயும் இருக்க ஏலாது மிஸ். போற இடத்துக்காவது வராதீங்க."

வயலட் குனிந்து மூட்டையைத் தூக்கி அவளுடைய தலையில் வைத்துவிட்டாள். எங்கே போகிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை.