நாம டீ குடிக்கிறோம்

கல்வராயன் மலைக்கு ஏறும் சாலையில், கொண்டை ஊசி வளைவை ஒட்டிய டீக்கடை பெஞ்சில் பகலவன் உட்கார்ந்திருக்கிறான். மழை விட்டு வெயில் வந்ததில் தார்ச்சாலை ஆவி விடுகிறது. எதிரே நிற்கும் அவன் பைக்கின் ஹேண்டில்பாரிலிருந்து கேமரா அவனையே பார்க்கிறது. ஹெல்மெட்டை மடியில் வைத்து, அதைக் கொடுத்த கம்பெனியின் பெயர் தெரியும்படி திருப்பிக்கொள்கிறான். இந்த வீடியோ அவர்களுக்குப் பிடித்தால்தான் லடாக் வரைக்கும் பெட்ரோலுக்குக் காசு தருவார்கள். "மக்களே, நாம இப்ப மலை உச்சிக்குப் போறோம். அதுக்கு முன்னாடி சூடா டீ குடிக்கிறோம்!" கையிலிருக்கும் ரிமோட்டை அழுத்தியதும் கேமராவின் சிவப்பு விளக்கு அணைகிறது; கூடவே அவன் சிரிப்பும். கடைக்கார ராஜாம்பாள் நாலைந்து கண்ணாடித் தம்ளர்களைக் கழுவி வரிசையாகக் கவிழ்க்கிறாள். "மத்தவங்கல்லாம் பின்னால வந்துகினு இருக்காங்களா தம்பி?" "யாரு அக்கா?" "நாம நாமன்னு சொன்னியே." அவன் வளைவைப் பார்க்கிறான். சாலையில் ஈ காக்கா இல்லை. "வருவாங்கக்கா," என்கிறான். அவனுக்கு மட்டும் ஒரு டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு, மிச்சப் பாலைத் தட்டு போட்டு மூடி, அடுப்பைக் குறைத்துவைக்கிறாள். டீ தீர்ந்தும் பகலவன் எழவில்லை. அவளோடு சேர்ந்து அவனும் அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.