இரண்டு நஸீமாக்கள்

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோய் இருபதாம் நாள். கல்முனைக்குடிப் பள்ளிக்கூட முகாமில் ஜெனரேட்டர் இரைய, நிரல் எழுதத் தெரிந்த நவ்பர் கணினி முன் வியர்த்து இருக்கிறான். காணாமற்போனோரைப் பதியும், யாரும் திருத்தி உதவக்கூடிய திறந்த மூல மென்பொருளில் 'நஸீமா, வயது நான்கு, உயிருடன்' என்று கண்டுதான், மகளுக்குப் புதுச் சட்டையோடு காலையில் ஓடிவந்தான். வந்து பார்த்தால் வேறொரு நஸீமா. ஒரே பெயர், ஒரே வயதென்றால் இருவரை ஒருவராக்கிவிடுகிற பிழை. வாப்பாவின் பெயரையும் ஒப்பிடும்படி தானே திருத்திய நான்கு வரிகளை, அதை எழுதும் குழுவுக்கு அனுப்புகிறான். பதில் வருகிறது: 'சேர்த்துவிட்டோம். இனி நீங்களும் எங்களில் ஒருவர்.' திரையில் ஒற்றைப் பதிவு இரண்டாகப் பிரிகிறது. இரண்டாவதில், 'வாப்பா: நவ்பர்' என்பதன் கீழே, 'அடக்கம் செய்யப்பட்டவர்' என்றிருக்கிறது. விலைச்சீட்டை இன்னும் கிழிக்காத சட்டையை மைத்துனி ஜுனைதா கையில் எடுக்கிறாள். "மச்சான், இத அந்தப் புள்ளைக்குக் குடுக்கட்டா?" "ஓம், குடு. அளவு சரியாத்தான் இரிக்கும்."