மூணாம் நம்பர் பேஸ்ட்

"இதுவும் கசிஞ்சிருக்கு. நீங்களே பாருங்க மேடம்."

மைக்ரோஸ்கோப்பை அவள் பக்கம் தள்ளினார் கூட வேலை பார்க்கும் டாக்டர். கல்லூரியில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரூட் கெனால் செய்த பல்லின் வேரை அடைக்க எந்த பேஸ்ட் நல்லது? பிடுங்கிய பற்களில் மூன்று பேஸ்ட்டுகளை அடைத்து, நீல மையில் ஊறப்போட்டு, நீளவாக்கில் வெட்டிப் பார்க்க வேண்டும். மை உள்ளே இறங்கியிருந்தால் அந்த பேஸ்ட் தேறாது. பாரபட்சம் கூடாதென்று பேஸ்ட்டுகளுக்கு வெறும் நம்பர்தான். எது எந்த நம்பர் என்பது துறைத் தலைவிக்கு மட்டுமே தெரியும்.

இருவரும் ஒத்துக்கொண்டால்தான் அறிக்கை போகும். இந்த வாரம் போனால்தான் அவளுக்குப் பதவி உயர்வு.

"மயிரிழைதானே டாக்டர் இறங்கியிருக்கு? விட்டுடலாமே!"

"கிருமிக்கு மயிரிழையே ராஜபாட்டை மேடம்."

ஒன்றையும் இரண்டையும் ஒரே பார்வையில் முடித்துவிடுவார். மூன்று வந்தால் மட்டும் விளக்கைத் திருப்பி, லென்ஸைத் துடைத்து, மறுபடி மறுபடி பார்த்து உயிரை வாங்குவார்.

காரணம் துறை முழுக்கத் தெரிந்ததுதான். மூன்று பேஸ்ட்டுகளில் ஏதோ ஒன்று அவரே வருஷக்கணக்காகக் கலக்கிக் கண்டுபிடித்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்!

கடைசிப் பல்லையும் கசிவு என்றதும் அவள் பொறுமை போயே போய்விட்டது.

"உங்க பேஸ்ட் ஜெயிக்கணும்னு மூணாம் நம்பர் மேல மட்டும் பாயறீங்க. இது நியாயமா டாக்டர்?"

அவர் மறுபடி லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

விடுவிடுவென்று துறைத் தலைவியிடம் போய்க் கொட்டித் தீர்த்தாள்.

தலைவி விழித்தார். "என்னம்மா உளர்றே? மூணுதானே அவரோட பேஸ்ட்!"

திரும்பி வந்தவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"மூணு உங்களோடதாம் டாக்டர். பாவம், உங்களுக்குத் தெரியாது..."

"முதல் பல்லை வெட்டினப்பவே தெரியும். நான் குழைச்சதாச்சே, நிறத்துல தெரியாதா?"

"தெரிஞ்சுமா அதை இந்தப் பாடு படுத்துனீங்க?"

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"என்னோடதுன்னு தெரிஞ்சதுலேருந்து, கசிவே இல்லைன்னு சாதிக்குது மேடம் இந்தக் கண்ணு. அதான் ஒவ்வொண்ணையும் திரும்பத் திரும்பப் பாத்தேன்."