எண்பத்து மூன்று குறைகள்

“தாங் அண்ணே, கதவைத் தட்டிப் பாருங்க. தகர டப்பா கெட்டது!”

சூசின் சொன்னதும் கொட்டகையே சிரித்தது. சீனாவின் சோங்சிங் நகரத்துக் கார் கம்பெனி அது. போட்டிக் கம்பெனி வண்டிகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்ப்பது அவள் பிரிவின் வேலை.

அன்று வந்த வண்டிக்கு முன்முகமும் இல்லை, விளக்குகளும் இல்லை. ஸ்டீயரிங் நடுவே கம்பெனிச் சின்னம் இருக்க வேண்டிய இடம் வெறும் குழி.

“அமெரிக்காக்காரனோடது. நம்ம புது வண்டி வர்ற அதே மாசம் இதுவும் வருது. எப்படிக் கெடச்சுதுன்னு கேக்காதீங்க” என்றார் தலைமை எஞ்சினியர் கூ வெய்மின்.

கம்பெனியின் அந்தப் புது வண்டி ஷாங்காயில் மூடிமறைத்துத் தயாராகிறது. இங்கே யாரும் பார்த்ததில்லை. இதுவும் அமெரிக்காக்காரனிடம் தோற்றால் கொட்டகைக்குப் பூட்டுதான். கம்பெனியின் போன வண்டி விற்பனையில் படுத்துவிட்டது. அது வெளிவருமுன் கூ கேட்டபோது, பிரிவின் இருபது பேரும் “ஒரு குறையும் இல்லீங்க ஐயா” என்றிருந்தார்கள். வண்டியை வரைந்த பெரியவரின் முகத்துக்கு நேரே யார் குறை சொல்வார்?

“வேற?” கூ தானே நோட்டில் எழுதினார்.

“கூரைக் கண்ணாடி ஓரத்துல தண்ணி எறங்குதுங்க ஐயா. உள்ள குடை பிடிச்சுக்கிட்டுதான் ஓட்டணும்” என்றாள் சூசின்.

“வேற?”

“சீட்டுக்கு அடியில ஒயரு மூணு மீட்டர் அதிகம். நூடுல்ஸ் கிண்டியிருக்கான் மடையன்!” என்றார் ஃபிட்டர் தாங்.

கூவின் காது சிவந்தது. “விடாதீங்க. இன்னும் தோண்டுங்க.”

சூசினுக்கு வெறி பிடித்துவிட்டது. எப்படியும் ஜெயித்தே ஆக வேண்டும். மதியச் சாப்பாடு மேஜையிலேயே ஆறிப்போனது. மாலைக்குள் எண்பத்து மூன்று குறைகள்.

“இத வரைஞ்சவன் கைக்கு விலங்கு போடணுங்க ஐயா. ஜெயிக்கப்போறது நாமதான்!”

கூ நோட்டை மூடி அவளிடம் நீட்டினார். “முப்பது நாள் இருக்கு. எண்பத்து மூணையும் சரி பண்ணுங்க.”

“அமெரிக்காக்காரன் வண்டிய நாம எதுக்குங்க ஐயா சரி பண்ணணும்?”

கூ சட்டைப் பையிலிருந்து தங்கள் கம்பெனிச் சின்னத்தை எடுத்து, ஸ்டீயரிங் குழியில் வைத்து அழுத்தினார். டக்கென்று கச்சிதமாக உட்கார்ந்தது.

பிறகு இரண்டு கைகளையும் அவள் முன் நீட்டினார். “விலங்க மட்டும், வண்டி ஜெயிச்ச பிறகு போட்டுக்கலாமா?”