சுவரில் நாலு பசுக்கள்

"தள்ளி நில்லுங்கம்மா. உங்க மூச்சு பட்டே சாயம் போயிடும் போல."

பாரிஸ் ஓவியக் கண்காட்சியின் காவலாளி அன்செல்ம் இதைச் சொல்வது மூன்றாம் முறை. மரச்செருப்பும் கறுப்பு உடுப்புமாய் வந்திருந்த நார்மண்டிப் பெண்மணி, தடுப்புக் கயிற்றுக்கு மேல் எக்கி, ஓவியத்துப் பசுக்களிடம் ஏதோ முணுமுணுத்தாள்.

"எங்க மாடுங்கதான்யா. ஓவியர் எங்க புல்வெளியிலதான் உக்காந்து வரைஞ்சாரு."

"அப்ப வீட்டுக்குப் போய் நிஜ மாட்டைக் கொஞ்சுங்க."

"வீட்டுக்காரர் படுத்த படுக்கையானதும் சந்தையில வித்தாச்சு. இப்ப எங்க இருக்குன்னே தெரியல." அவள் குரல் தாழ்ந்தது. "எங்க ஊர்ல எஜமான் செத்தா மாடுங்க காதுல சொல்லணும். சொல்லாட்டி அதுங்க இரை எடுக்காம வழியையே பாத்துட்டு நிக்கும். போன செவ்வாக்கிழமை அவரு போயிட்டாரு. சொல்றதுக்கு எனக்கு வேற யாரும் இல்ல."

அன்செல்ம் தொப்பியைக் கழற்றினான். பிறகு கயிற்றைத் தூக்கிப் பிடித்தான்.

நாலில் மூன்று பசுக்களின் காதில் அவள் நிதானமாகச் சொல்லி முடித்துத் திரும்பினாள்.

"அந்த வெள்ளைப் பசுவை விட்டுட்டீங்களே?"

"அது விக்கிறதுக்கு முன்னாடியே, போன பனியில செத்துப்போச்சுய்யா. அவரு அங்க போய்ச் சேந்தது முதல்ல அதுக்குத்தான் தெரிஞ்சிருக்கும்."