வழி விடுங்க

"ஈ காக்கா இல்லாத ரோட்டுல யாருக்காக நிக்கிறா இவ?"

வக்கீல் ஸ்டியரிங்கை ஓர் அறை அறைந்தார்.

முச்சந்தியில் 'நில்' என்று ஒரு பலகை. அதற்கு மரியாதை கொடுத்து முன்னால் ஒரு சின்னக் கார் நின்றிருந்தது. ஓட்டிய அம்மாள் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"பலகை இருந்தா முழுசா நிறுத்தி, பார்த்துட்டுத்தான் போகணுமாம். கார் கொடுத்த பொண்ணு படிச்சுப் படிச்சு சொல்லுச்சே," என்றாள் மனைவி.

"சொல்றதுக்கென்ன, சொல்லும். தீவுக்குப் போற கடைசிப் படகை அது பிடிச்சு வைக்குமா?"

சுற்றுலா வந்த வெளிநாட்டில் எடுத்த வாடகைக் கார். அந்தப் பெண் சாவியைக் கொடுக்கும் முன் விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னபோது, வக்கீல் தலையை ஆட்டிக்கொண்டே செல்போனில் படகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் நெரிசலில் சந்து பொந்தெல்லாம் புகுந்து வந்தவருக்கு, ஆளில்லாத ரோட்டில் ஓட்டப் பாடமா?

ஹார்னில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"என்னங்க, ஹார்னைப் பத்திக்கூட அந்தப் பொண்ணு என்னவோ..."

"அப்புறம் சொல்லு."

முன் காரின் கதவு திறந்தது. அம்மாள் இறங்கி விறுவிறுவென்று இவர்களை நோக்கி வந்தாள்.

"சண்டைக்கு வர்றா. வரட்டும், நான் கோர்ட்டுல பார்க்காத சண்டையா?" கண்ணாடியை இறக்கினார்.

வந்தவள் முகத்தில் கோபம் இல்லை. பதற்றம்தான் இருந்தது. குனிந்து பின் சீட்டைப் பார்த்தாள். அங்கே வக்கீலின் அம்மா, பயணக் களைப்பில் தலை ஒரு பக்கம் தொங்க, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க அம்மாவா? எவ்வளவு நேரமா இப்படி இருக்காங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

வக்கீல் விழித்தார்.

"ஹார்ன் அடிச்சீங்களே. ஆஸ்பத்திரிக்குத்தானே போறீங்க?"

உயிர் போகிற ஆபத்து இல்லாமல் இங்கே யாரும் ஹார்னைத் தொடுவதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். தொழில் பழக்கம், நாக்கு முந்திக்கொண்டது.

"ஆமாங்க. மூச்சுத் திணறல்."

"பெத்த தாயைப் போய்..." என்று மனைவி தமிழில் முணுமுணுத்தாள்.

"பேசாம இரு. வழி விட்டுடுவா."

அவள் வழி விடவில்லை. "நீங்க ஊருக்குப் புதுசு. ஆஸ்பத்திரி எங்கேன்னு தெரியாது. என் பின்னாலேயே வாங்க," என்று ஓடிப்போய்த் தன் காரில் ஏறினாள்.

விளக்குகள் மின்ன, ஹார்ன் அலற அவள் முன்னால் போனாள். லாரி ஓரம் கட்டியது. சைக்கிளில் போனவர் இறங்கிப் புல்லுக்குள் நின்றுகொண்டார். ஒரு பள்ளிக்கூட வேன் பின்பக்கமாக நகர்ந்து வழி கொடுத்தது. ஒவ்வொருவரும் இவர்கள் காரின் பின் சீட்டை எட்டிப் பார்த்து முகம் வாடினார்கள். வக்கீலுக்குக் காது சுட்டது.

துறைமுகத்துக்குப் பிரியும் இடம் வந்தது. நைசாகத் திரும்பிவிடலாம் என்று நினைத்தார். அங்கே ஒரு போலீஸ்காரர் எல்லா வண்டிகளையும் நிறுத்திவைத்துவிட்டு, 'நேரே போங்க' என்று கை காட்டினார்.

நேரே போனார்.

போலீஸ்காரர் தகவல் சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் ஸ்ட்ரெச்சரோடு நின்றிருந்தாள். கார்க் கதவைத் திறந்ததும் அம்மா கண் விழித்தாள்.

"படகு வந்துடுச்சாப்பா?"

அவர் அவசரமாகக் காரிலிருந்து இறங்கினார்.

நர்ஸ் நாடி பிடித்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. எதுக்கும் டாக்டர் ஒரு தடவை பார்த்துடட்டும்."

"எனக்கு என்னடா? நான் தூங்கிட்டுத்தானே இருந்தேன்?" என்று மகனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே அம்மா ஸ்ட்ரெச்சரில் உள்ளே போனாள். மனைவி கூடவே போனாள். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

கார் அம்மாள் பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கவலைப்படாதீங்க. இங்கே நல்ல டாக்டர் இருக்கார்."

வக்கீல் கையை விடுவித்துக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க. அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. படகுக்கு நேரமாச்சுன்னுதான் ஹார்ன் அடிச்சேன். நீங்க வந்து கேட்டதும்... பொய் சொல்லிட்டேன்."

அவள் கத்துவாள், போலீஸைக் கூப்பிடுவாள் என்று தலை குனிந்து நின்றார். நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அவள் வாசல் படியில் உட்கார்ந்தாள். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவங்களுக்கு ஒண்ணும் இல்லையே. அது போதும்," என்றாள்.

நர்ஸ் வெளியே வந்தாள். "உங்க அம்மா நல்லா இருக்காங்க. கூட்டிட்டுப் போகலாம்," என்று வக்கீலிடம் சொன்னவள், படியில் இருந்தவளைப் பார்த்ததும் திகைத்தாள்.

"நீங்க இன்னும் இங்கேயா இருக்கீங்க? தீவுல உங்க பொண்ணுக்குப் பிரசவ வலி எடுத்துடுச்சுன்னு சொன்னாங்களே. கடைசிப் படகு போயிருக்குமே?"

வக்கீல் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

"அந்தப் படகுக்குத்தான் போய்க்கிட்டிருந்தேன்," என்றாள் அவள், அவர் பக்கம் திரும்பாமலேயே. "வழியில யாரோ ஹார்ன் அடிச்சாங்க."